தங்கச்சியைக் கூப்பிடப் போறேன்

பாப்பா அம்மாவுக்கு,

ஜன்னலெல்லாம் திறந்து கிடக்கேன்னு பதறாதே. நான்தான் திறந்து வச்சேன்.

காலையில நைட் டியூட்டி முடிஞ்சு நீ வந்ததும் வராததுமா, என் தங்கச்சி விஷயத்துல உன்கிட்ட எரிஞ்சு விழுந்தேன்ல? நீ பாப்பாவோட ரூம் கதவைச் சாத்திட்டுப் படுத்துட்ட. அடுப்புல பால் வச்சதையே மறந்துட்டு, நானும் கோவத்துல கிளம்பிட்டேன். பஸ் ஸ்டாப்புல நிக்கிறப்ப மனசுக்குள்ள, 'வீட்டுக்குப் போ'ன்னு ஒரு குரல். 'அவளே இறங்கி வரட்டும்'னு வீம்பா நின்னேன். பஸ்ஸும் வந்துருச்சு. மறுபடி அதே குரல். ஓடி வந்துட்டேன்.

பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு, சமையல்கட்டு முழுக்க கேஸ். சிலிண்டரை மூடிட்டு, நீங்க ரெண்டு பேரும் நல்லாத் தூங்குறதைப் பார்த்தப்புறம்தான் எனக்கு உயிரே வந்துச்சு. வாடை போற வரைக்கும் உங்க பக்கத்துலயே உட்கார்ந்து அழுதேன்.

கைக்குழந்தையோட வந்து நின்ன கூடப்பிறந்தவளை, 'இங்க இடமில்லை, போ'ன்னு விரட்டினவன் நான். அப்பேர்ப்பட்டவன் குடும்பத்தைக் கடவுள் காப்பாத்திக் கொடுத்திருக்கார். அடிச்சிருந்தா முறைச்சிருப்பேன். அணைச்சுட்டாரே, என்ன பண்ணுவேன்? நீ சொன்னதுதான் சரி. அவளைக் கூப்பிடப் போறேன்.

சாதம் ஹாட்பாக்ஸ்ல இருக்கு. பாப்பாவுக்குப் பால் பக்கத்து வீட்டு அக்கா தருவாங்க.

முன் ரூமைக் காலி பண்ணிட்டேன். தொட்டில் மட்டும் பரண்ல இருக்கு, நீ ஏறாதே, நான் வந்து இறக்குறேன்.

இன்னொண்ணு. அவ வாசல்ல தயங்கி நின்னா, நீ முந்திக்கிட்டு 'உள்ள வா'ன்னு சொல்லிடாதே. அதை நான்தான் சொல்லணும்.