உள்ளே பார்த்திருந்த சப்பாத்து

நானா,

இவ்வளவு காலம் பேசாமல் இருந்தது போதும். பதினொரு வருடம். அதில் கடைசி எட்டு மாதம் நீங்கள் இந்த உலகத்தில் இல்லை. இருந்தும் வாயைத் திறக்காமல் இருந்தேன். திறந்தால் மரியாதையாக எதுவும் வராது என்று தெரியும்.

இன்று பக்கத்து வீட்டுக் கேற்றுக்குப் பெயின்ற் அடிக்கிறார்கள். தின்னர் வாசனை யன்னல் வழியாக வந்து மேசையடியில் நிற்கிறது. எனக்கு அந்த வாசனை உக்குவளையில் உங்கள் இரும்புக்கடையின் மேல்மாடிதான். கீழே ஆணி, குழாய், சீமெந்து. மேலே பெயின்ற் டின்களை ஓரமாகத் தள்ளிவிட்டு பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் கதிரைகள். எதிரே நீங்களே வெள்ளையடித்த சுவர். ஞாயிறு பின்னேரங்களில் அதுதான் நம்முடைய சினிமாக் கொட்டகை. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, திரும்பிப் போக மனமில்லாமல் இங்கேயே தங்கிவிட்ட என்னைப் போன்ற ஒரு அரசாங்கக் கந்தோர்க்காரனுக்கு வாரத்தில் அந்த மூன்று மணித்தியாலம் மட்டும் ஊர் என்று ஒன்று இருந்தது.

உங்களை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தவர்களில் பாதிப்பேருக்குப் படத்தின் கீழே ஓடும் ஆங்கில எழுத்தை ஓடஓட வாசிக்க வராது. அதனால் நீங்கள் சுவருக்குப் பக்கத்தில் நின்று, பாத்திரங்கள் பேசப் பேசத் தமிழில் சொல்லுவீர்கள். ஈரானியக் கிழவனும் கொரியப் பொலிஸ்காரனும் உங்கள் வாயில் மாத்தளைக்காரர்களாகிவிடுவார்கள். பாத்திரங்கள் பேசாத இடத்திலும் நீங்கள் பேசுவீர்கள். அது எனக்குப் பிடிக்காது. ஒருநாள் கேட்டும் விட்டேன், கீழே எழுத்தில் இல்லாததை ஏன் சொல்லுகிறீர்கள் என்று. "தம்பி, எழுத்தை வாசிக்கிறதுக்கு நீங்க ஈக்கிறீங்க. நான் படத்தச் சொல்றேன்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மறக்கவில்லை.

அந்த ஜப்பானியப் படத்தை நீங்கள் போட்டது ஒரு மழை நாளில். தூக்கிலிடப்பட்ட ஒரு கொலைகாரன். அவன் செத்த பிறகும் அவன் பாணியிலேயே கொலைகள் நடக்கின்றன. ஜப்பானில் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றி, நுனி வெளியே பார்க்கத் திருப்பி வைப்பார்களாம், போகும்போது காலை நுழைக்க வசதியாக. கொலை விழுந்த வீடுகளில் மட்டும் ஒரு சோடி ஈரச் சப்பாத்து உள்ளே பார்த்தபடி கிடக்கும். ஒரு பெண் பொலிஸ் அதிகாரி இதைக் கண்டுபிடிக்கிறாள். முதல் ஒரு மணித்தியாலம் கொலைகாரனின் முகமே இல்லை. வாசல், மழை, சப்பாத்து, அடுப்படியில் ஒரு தாய் மகளோடு தொலைபேசியில் கதைக்கும் சத்தம், அவ்வளவுதான். இரத்தமே காட்டாமல் இவ்வளவு பயம் காட்டிய படத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

படம் முடிந்து எல்லோரும் போன பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து நாம் கதைத்தோம். அந்தத் தாய் அடுப்படியில் நிற்க, யாரும் தொடாமல் சப்பாத்து மெல்லத் திரும்பும் இடம்தான் படத்தின் உயிர் என்று நான் சொன்னேன். திரும்பிப் போகிற எண்ணம் இல்லாதவன் வீட்டுக்குள் வந்துவிட்டான் என்பதை அதைவிட நன்றாகச் சொல்ல முடியாது என்றேன். நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டீர்கள். பிறகு நான் வேறொன்றையும் சொன்னேன். அதைப் பிறகு எழுதுகிறேன்.

மூன்று மாதம் கழித்து கண்டியிலிருந்து வரும் சிற்றிதழில் அந்தப் படத்தைப் பற்றி உங்கள் கட்டுரை வந்தது. "அந்தச் சப்பாத்து திரும்புகிறது; இவன் போவதற்கு வந்தவன் அல்ல" என்ற வரி அதில் இருந்தது. அதைத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாம் எடுத்துச் சொன்னார்கள். கொழும்பில் ஒரு கூட்டத்திலும் யாரோ சொன்னார்களாம். மேலே உங்கள் பெயர். என் பெயர் எங்கும் இல்லை, ஒரு நண்பர் சொன்னார் என்றுகூட இல்லை.

அடுத்த ஞாயிறு நான் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். நீங்கள் முச்சக்கரவண்டியில் வீட்டுக்கே வந்து கேற்றடியில் நின்று கேட்டீர்கள்: "என்ன தம்பி, பேய்ப்படம் பாக்கவும் சட்டப்படி படிவம் நெரப்பித்தான் வரணுமா ஒங்களுக்கு? வாங்க." நான் உடம்பு சரியில்லை என்றேன். கட்டுரையைப் பற்றி நான் கேட்கவில்லை. நீங்களாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். நீங்கள் சொல்லவில்லை.

எனக்குள் ஒரு வரிசை இருப்பது உங்களுக்குத் தெரியும். என்னைத் தாண்டிப் பதவி உயர்வு வாங்கியவர்கள், கல்யாணப் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவர்கள், என் முகத்துக்கு நேரே ஒன்றும் முதுகுக்குப் பின் ஒன்றும் சொன்னவர்கள். பதினொரு வருடமாக அந்த வரிசையில் நீங்கள்தான் முதலில் நின்றீர்கள். ரயில் கடவையடியில் கண்டால் தலையசைத்தோம். உங்கள் ஜனாஸா எடுத்த அன்று வந்தேன். பள்ளிவாசல் மதிலோரமாக நின்றுவிட்டு, ஒருவரோடும் பேசாமல் திரும்பினேன்.

போன மாதம் உங்கள் மகள் தொலைபேசி எடுத்தாள். உங்களுக்கு நினைவு மலர் ஒன்று போடுகிறாளாம், அந்தக் கட்டுரையும் வருகிறதாம், நானும் ஏதாவது எழுத வேண்டுமாம். நான் பட்டென்று சொல்லிவிட்டேன், அந்தக் கட்டுரைக்கு மேல் என் பெயரும் வர வேண்டும், இல்லாவிட்டால் நடந்ததை நானே வெளியில் எழுதுவேன் என்று. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"வாப்பா இருந்தா என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியல்ல அங்கிள். நடந்தத நீங்க எழுதித் தாங்க. ஒரு எழுத்தும் மாத்தாமப் போடுறேன். பேர் விசயத்த அதப் பாத்து முடிவெடுப்போம்."

அடுத்த நாளே உங்கள் அலுமாரியில் இருந்த அந்தப் படத்தின் குறுந்தட்டையும் அனுப்பி வைத்தாள். பௌர்ணமிப் போயா விடுமுறையன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்க உட்கார்ந்தேன், பேனையும் தாளும் எடுத்துக்கொண்டு, ஆதாரம் எழுத.

நானா, அந்தப் படத்தில் சப்பாத்து திரும்பவே இல்லை.

தாய் அடுப்படியில் நிற்கிறாள். வாசலில் சப்பாத்து வெளியே பார்த்தபடி இருக்கிறது. காட்சி மாறுகிறது, மகள் பேசுகிறாள். மறுபடி வாசல் வரும்போது சப்பாத்து உள்ளே பார்த்தபடி இருக்கிறது. திரும்புவதை யாரும் காட்டவில்லை. அந்த இடத்தில் யாரும் பேசவும் இல்லை, கீழே எழுத்தும் வரவில்லை. நான்கு தரம் பின்னால் போய்ப் பார்த்தேன்.

அப்போதுதான் அந்தப் பின்னேரம் ஒழுங்காக நினைவுக்கு வந்தது. அந்த இடத்தில் நான் சுவரைப் பார்க்கவில்லை. குனிந்து என் காலடியில் இருந்த பெயின்ற் டின்னின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை வழிந்து காய்ந்த மூடி. காதில் உங்கள் குரல் மட்டும் விழுந்தது: "இந்தா, சப்பாத்து திரும்புது. இவன் போறதுக்கு வந்தவன் இல்ல."

நான் கண்ணால் கண்டதாகப் படிக்கட்டில் உங்களிடமே திருப்பிச் சொன்னது, நீங்கள் சொல்லிக் கேட்டதைத்தான். நீங்கள் தலையை ஆட்டியது அதனால்தான் போலிருக்கிறது. கூட்டங்களில் எடுத்துச் சொல்லப்பட்ட அந்த வரி, படத்தில் இல்லாத ஒன்றைப் பற்றியது. அது உங்களுடையது, முழுக்க உங்களுடையது. அந்த இயக்குநரைவிட நீங்கள் நல்ல படம் எடுத்துவிட்டீர்கள் என்று எழுத எனக்குக் கை வலிக்கிறது, எழுதிவிட்டேன்.

நான் ஏன் குனிந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். படிக்கட்டில் சொன்ன மற்றது அதுதான். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு விடியலில் வந்தவர்கள் சப்பாத்தைக் கழற்றவில்லை. அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள்; அவர் திரும்பி வரவில்லை. அம்மா நிலத்தில் இருந்த சேற்று அடையாளங்களை இரண்டு நாள் கழுவாமல் வைத்திருந்தார். இதை நான் இந்த ஊரில் வேறு யாருக்கும் சொன்னதில்லை. உங்கள் கட்டுரையில் அதில் ஒரு சொல்கூட இல்லை. என் பெயரை விட்டதற்கும் அதுதான் காரணமா? அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவன், காலமும் சரியில்லை என்று யோசித்தீர்களா? தெரியாது. அப்படி வைத்துக்கொண்டால் நீங்கள் ஒரேயடியாக நல்லவராகிவிடுவீர்கள். அதற்கும் எனக்கு மனம் வரவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை. நீங்கள் கேற்றடிவரை வந்தீர்கள்.

ஒன்றில் மட்டும் நான் இன்றும் விட்டுத்தர மாட்டேன். படத்தின் கடைசி அரை மணித்தியாலத்தை நீங்கள் கட்டுரையில் புகழ்ந்திருக்கிறீர்கள். அது பிழை. மாற்றாந்தகப்பன் அடித்தான், குளிரில் வெளியே நிறுத்தினான் என்று கொலைகாரனுக்கு ஒரு பிள்ளைப்பருவத்தைத் தேடிக் கொடுத்து, நம்மை அழச் சொல்லுகிறார்கள். முகம் இல்லாதவரை பயங்கரமாக இருந்தவன், முகம் வந்ததும் மாவு பூசிய நடிகனாகிவிடுகிறான். படம் முழுக்க யோசித்த அந்தப் பெண் அதிகாரி, கடைசியில் யாராவது வந்து காப்பாற்றட்டும் என்று மூலையில் கிடக்கிறாள். செத்த ஐந்து பெண்களில் ஒருத்திக்காவது பெயர் இருக்கிறதா? அந்தத் தாய் தொலைபேசியில் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுகூட இல்லை. "கொன்னவனுக்கும் ஒரு உம்மா இருந்தா தம்பி" என்று அன்றைக்குச் சொன்னீர்கள். இருந்தாள்தான். எங்கள் அம்மாவும் இருந்தா. அவவுக்கு யாரும் அரை மணித்தியாலம் ஒதுக்கவில்லை.

இதை நேரே வாதாட நீங்கள் இல்லை என்பதுதான் இப்போது என் பெரிய கோபம். நேற்றும் ஏதோ ஒரு படம் பார்த்தேன். யாரும் பேசாத இடத்தில் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன், நீங்கள் என்ன சொல்லுவீர்கள் என்று. இந்தப் பழக்கம் இனி என்னை விட்டுப் போகாது.

மகளுக்கு இரண்டு வரி தனியாக எழுதி வைத்திருக்கிறேன், கட்டுரைக்கு மேல் உங்கள் பெயர் மட்டும் போதும் என்று. இந்த மடலை அவள் சொன்னபடி ஓர் எழுத்தும் மாற்றாமல் போடட்டும். அடியில் என் பெயரை எழுதினால், வாசிக்கிறவர்கள் உங்களை விட்டுவிட்டு நான் யார், எந்தக் கந்தோரில் இருந்தேன், யார் சொன்னது சரி என்று என்னைப் பார்க்கத் தொடங்குவார்கள். பெயருக்காகப் பதினொரு வருடம் போனது போதும். உறையில் விலாசம் எழுதி முத்திரை ஒட்டிவிட்டேன். தபாற்கந்தோர் மூடுவதற்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது. கையெழுத்துப் போடாமல்தான் அனுப்பப் போகிறேன்.