பின்சுவரை ஒட்டிய குப்பி

மார்ச் 4, செவ்வாய்

இன்று முற்பகல் பதினொன்று பத்துக்கு, ஒன்றரை மணி நேர விவாதத்துக்குப் பின், எங்கள் ஆய்வகம் ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்தது: குளிர்பெட்டியில் ஆன்டிபாடி குப்பிகள் இனி காலாவதித் தேதி வரிசையில் நிற்கும். சீக்கிரம் சாகப்போவது முன்னால், ஆயுள் கெட்டியானது பின்னால். தலைமை விஞ்ஞானி முடிவைத் தாமே நின்று படித்தார். வாரத்துக்கு மூன்று அனுப்புவதால் அவருக்கு எங்களுக்குள் 'சுற்றறிக்கை' என்று பெயர். ரத்தம் எடுக்கும் அக்கா மட்டும், "இத்தனை நாளா அதெல்லாம் எப்படி நின்னுச்சாம்?" என்று கேட்டார். கூட்டக் குறிப்பில் அது ஏறவில்லை.

நேற்று வந்த சிடி-20 குப்பிக்குத்தான் ஆயுள் அதிகம். அதைப் பின்சுவரை ஒட்டி நிறுத்தினேன்.

மார்ச் 5, புதன்

அடுக்கி முடித்தாயிற்று. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

எங்கள் விதி: நோயாளியின் ரத்தத்தில் ஒரு குப்பியைப் பயன்படுத்தும் நாளில், முதலில் நலமாக இருக்கும் ஒருவரின் ரத்தத்தில் அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நலமான ஒருவர், முறை வைத்து, நாங்களேதான். இன்று என் முறை. பதினான்கு வருடமாக ஊரார் ரத்தத்தோடு குடித்தனம் நடத்துகிறேன். என் கையில் ஊசி ஏறினால் மட்டும் கண் இருட்டிவிடும். அக்கா வேறு விடுப்பு. வந்து மூன்றே நாளான குப்பிக்கு என்ன வந்துவிடப் போகிறது? பதிவேட்டில் 'பார்த்தது' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

குப்பி பின்சுவரில் லேசாக ஒட்டியிருந்தது. இழுத்தேன், வந்தது.

பிறகு 417. பேருந்து ஓட்டுநர், ஐம்பத்திரண்டு வயது, நிணநீர்ப் புற்று. அவருடைய கெட்டுப்போன வெள்ளணுக்களின் மேற்பரப்பில் சிடி-20 என்ற புரதம் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. நின்றால் எங்கள் ஆன்டிபாடி போய் ஒட்டிக்கொள்ளும். அதனுடன் சேர்த்த சாயம் கருவியில் ஒளிரும். ஒளிர்ந்தால், அதே புரதத்தைப் பிடித்து அணுவைக் கொல்லும் மருந்தை அவருக்குத் தருவார்கள். ஒளிராவிட்டால் அந்த மருந்து கிடையாது.

ஒளிரவில்லை. 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

417-இன் மனைவி அறிக்கை ஜன்னலுக்கு வந்தார். "இல்லைன்னு வந்தா நல்லதுதானே தம்பி?" டாக்டர் சொல்வார் என்றேன். ஆபத்துக்கு உதவும் வாக்கியம்.

மார்ச் 10, திங்கள்

வேறொரு நோயாளிக்காக அதே குப்பி. அக்காவின் முறை. நலமான எவர் ரத்தத்திலும் கொஞ்சமாவது இருக்க வேண்டிய சிடி-20 அவர் ரத்தத்தில் இல்லை. திரை வெறிச்சென்று கிடந்தது.

"என்ன தம்பி, காலியா இருக்கு?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பிறகு சிரிக்கவில்லை. நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். "எனக்கு ஏதாவதா? சொல்லு. மறைக்காத. பாப்பா இன்னும் ஸ்கூலே முடிக்கலை."

சட்டைக் கையை மடித்தேன். "என்னுதை எடுங்கக்கா."

"நீயா?"

கண் இருட்டியது. தெளிந்தபோது ரத்தம் கருவிக்குள் போயிருந்தது. என்னிடமும் இல்லை. ஒரே காலையில் இரண்டு பேருக்கு ஒரே புரதம் காணாமல் போகாது. குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தோம்: குப்பி நின்ற இடத்தில், பின்சுவரில், விரல் கனத்துக்குப் பனி. உறைந்த சாயம் ஒளிராது. முதல் வருடப் பாடம்.

அக்கா நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். பிறகு, "வியாழக்கிழமை நீ பாத்தப்ப நல்லா இருந்துச்சுல்ல?"

சுற்றறிக்கை பதிவேட்டை விரல் வைத்துப் படித்தார். "வியாழன் டிக் இருக்கு. அப்ப கெட்டது அதுக்கப்புறம்தான். 417 ரிப்போர்ட் செல்லும்." என் பொய்யை இவ்வளவு கண்ணியமாக இதற்கு முன் யாரும் நடத்தியதில்லை.

417-க்குப் புதன் காலை சிகிச்சை தொடங்குகிறது. அந்த மருந்து இல்லாமல்.

மார்ச் 11, செவ்வாய்

சொல்லவில்லை. காலையில் சுற்றறிக்கையின் அறைக்குப் போனேன், அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். மதியம் போனேன், அவர் போனில் இல்லை, அப்படியும் திரும்பி வந்துவிட்டேன்.

சொன்னால் வேலை போகும். போகுமா? பதிவேட்டில் பொய் — போகும். குப்பி வெள்ளிக்கிழமைதான் உறைந்ததோ என்னவோ? யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரியும்டா. வியாழக்கிழமையே ஒட்டிக்கிட்டுதானே இருந்துச்சு. இழுத்தது யாரு?

வீட்டில் மனைவி, "ரெண்டு நாளா ரத்தம் குடுத்தவர் மாதிரியே இருக்கீங்க" என்றாள். குடுக்காததுதான் பிரச்சினை என்று சொல்லி, முழுவதையும் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அந்த டிரைவர், பிரேக்கைப் பாக்காமலே பாத்தேன்னு எழுதிக் குடுத்தா, அந்த பஸ்ல என்னை ஏத்துவீங்களா?"

கேள்வி பதிலுக்காகக் கேட்கப்பட்டது அல்ல.

மார்ச் 12, புதன்

ஏழு ஐம்பது. சுற்றறிக்கை தோள்பையைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டேன். "அந்த டிக் பொய் சார். நான் ரத்தமே குடுக்கலை."

பையைக் கழற்றினார். மேசையில் வைத்தார். "எழுத்துல குடுங்க" என்றார். உடனே, "அதை அப்புறம் எழுதிக்கலாம். முதல்ல வார்டுக்குப் போனைப் போடுய்யா."

வார்டு டாக்டர்: "ஊசி குத்தியாச்சு, மருந்து இன்னும் ஏத்தலை. புதுசா ரத்தம் எடுத்து அனுப்பறேன். நாலு மணி வரைக்கும் நிறுத்தி வைக்கறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

நல்ல குப்பி இருந்தது நகரின் மறுகோடியில், இன்னொரு ஆய்வகத்தில். அக்கா வண்டியை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சாவியை எடுத்தது திங்கட்கிழமை நாற்காலியைத் தடவிய கை. பார்க்காமல் போக அவருக்கு உரிமை உண்டு.

மணி ஒன்று. இரண்டு. அக்கா போன் எடுக்கவில்லை. இரண்டு நாற்பதுக்கு ஐஸ் பெட்டியோடு வந்தார். "கையை நீட்டு." முதலில் என் ரத்தம். ஒளிர்ந்தது. பிறகு 417. கருவி பத்தாயிரம் அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணும். எண்ணட்டும், அதற்கென்ன அவசரம்.

மூன்று முப்பத்தெட்டு: தொண்ணூற்று நான்கு சதவீத அணுக்களில் இருக்கிறது.

"இருக்கு டாக்டர்" என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார்.

மார்ச் 21, வெள்ளி

சுற்றறிக்கை எண் 31: குப்பிகள் பின்சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிற்கும். எண் 32: அறிக்கையில் கையெழுத்திடும் பொறுப்பு என்னிடமிருந்து எடுக்கப்பட்டது, ஜூன் முடியும் வரை சரிபார்ப்பு ரத்தம் தினமும் நான் தர வேண்டும்.

417-க்குப் பதின்மூன்றாம் தேதி அந்த மருந்து ஏறியது.

இன்று இடது கை.