கதவுக்குத் தெரியாத கண்

ஜூலை 3, காலை ஜெபம் முடிந்ததும்

இருந்தவர்கள்: எமரன்சியாவாகிய நான், மகள் ஜெனோவா, நாய் பொட்டு. சுவர் ஒலிபெருக்கி வழியாகச் சேர்ந்துகொண்டவர்கள்: இந்த நிலையத்தின் தலைவரான என் வீட்டுக்காரர் தஸ்நேவிஸ், டாக்டர் கோமதிநாயகம். வியாழனின் நிலவான இந்தக் காலிஸ்டோவில் இருக்கிற மனிதர்கள் நாங்கள் நான்கு பேர்தான்.

ஆண்கள் இருவருக்கும் இமை வீங்கிக் கண் சிவந்திருக்கிறது. சாதாரணக் கண்வலி என்று சொட்டு மருந்தோடு விட்டார்கள். பிள்ளைக்கு ஒட்டக் கூடாது என்று போன வாரம் வேலைக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மருந்து அலமாரி அந்தப் பக்கம். வீடும் சமையலறையும் இந்தப் பக்கம். பயறு முளைத்திருக்கிறது. தண்ணீர் போதும். அவர்களுக்கும் அந்தப் பக்கம் உலர்சாப்பாடு இருக்கிறது. ஆண்டவருக்குத் தோத்திரம்.

ஜூலை 4, காலை

ஜெனோவாவுக்கு இடது கண் திறக்கவில்லை. வெந்நீர்ப் பஞ்சால் ஒற்றிப் பிரித்தேன். இமைமயிர் ஒவ்வொன்றின் அடியிலும் மெழுகு வளையம் மாதிரி பொருக்கு. உதிர்ந்த மயிர் ஒன்றை அவளுடைய பாட நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். வேரைச் சுற்றி ஏழெட்டு, பிஞ்சு முள்ளங்கி போல நீளமாக, முன்பக்கம் மட்டும் குட்டைக் கால்களோடு நெளிந்தன. பார்த்ததை டாக்டரிடம் சொன்னேன்.

"டெமோடெக்ஸ்னு பேரும்மா. எல்லாரு மூஞ்சியிலயும் குடியிருக்கிற பூச்சிதான். ஊர்ல இருந்தா சும்மா கெடக்கும். இங்க வந்து நம்ம ஒடம்புக்கு எதிர்ப்பு கொறஞ்சுபோச்சுல்லா, அது பெருகிட்டு. விட்டுட்டா கருவிழியைப் புண்ணாக்கிரும். எங்க ரெண்டு பேருக்கும் இதுதான் போல."

பொட்டுவுக்கும் கண்ணைச் சுற்றி மயிர் கொட்டித் தோல் தெரிகிறது. நாயிடமிருந்து வந்ததா என்று கேட்டேன்.

"நாய்க்கு வார பூச்சி வேற ரகம். அது நம்மகிட்ட தங்காது. பாவம், அதைத் திட்டாதீங்க."

இந்தப் பூச்சிக்கு அலமாரியில் மருந்து இருக்கிறதாம். என் வீட்டுக்காரர் குரல் கேட்டது: "ஏட்டி, நீ தள்ளி நில்லு. கதவைத் தெறந்து மருந்த வெச்சிட்டுப் போயிருதேன்."

ஜூலை 4, மதியம்

கதவு திறக்கவில்லை.

இதை வாசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். இங்கே கதவும் அலமாரியும் கண்ணைப் பார்த்துத்தான் திறக்கும். பணியாளர் இருவர் கண்ணும் பதிவில் உண்டு. நான் 'உடன் வந்தவர்'. என் கண் சமையலறை வரைக்கும் செல்லும். என் வீட்டுக்காரர் கருவிழியில் வெள்ளை படர்ந்திருக்கிறது. மூன்று முறை தவறினால் பதிவே அழிந்துவிடும். அவர் பொறுமை இல்லாமல் மூன்றையும் காட்டித் தீர்த்துவிட்டார்.

"நாந்தாம்ல ஒனக்குத் தலைவன்னு சத்தங்கூடப் போட்டேன்."

"மெரட்டுனா தெறக்கிறதுக்கு அது என்ன ஒங்க மச்சினனா?" என்றார் டாக்டர்.

அலமாரியில் டாக்டருக்கும் இரண்டு முறை போய்விட்டது. ஒன்றுதான் மிச்சம். அறுக்கும் கருவி வெளிக்கூடத்தில் இருக்கிறது. அதற்கும் அதே பூட்டு.

ஜூலை 5, மாலை

பூமிக்கு எழுதினேன். பூட்டை விலக்குங்கள், அல்லது என் கண்ணைப் பதிவில் சேருங்கள் என்று கேட்டேன். வந்த பதிலை அப்படியே எழுதுகிறேன்:

"தங்கள் செய்தி பெறப்பட்டது. பூட்டு நீக்கமும் புதிய பதிவும் நிலையத் தலைவரின் கோரிக்கையின்பேரில் மட்டுமே செய்யப்படும். தலைவர் தம் கண்ணைக் காட்டிக் கோரிக்கையை உறுதிசெய்யவும். நலமுடன் இருங்கள்."

ஒலிபெருக்கியில் வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார். டாக்டர்தான், "போதும் சார்" என்றார்.

ஜெனோவா நடுவில் புகுந்தாள். "அப்பா, கண்ணுக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு."

"எனக்குந்தான் தாயி. அப்பாவும் மகளும் ஒரே மெத்தையத்தான் பிச்சிருக்கோம்."

அவள் சிரித்தாள். நான் பஞ்சை வெந்நீரில் போட்டேன். வேறென்ன செய்ய.

ஜூலை 7, காலை

டாக்டர் விடிந்ததிலிருந்து கண்ணுக்கு ஒத்தடம் கொடுத்தார். வீக்கம் கொஞ்சம் வடிந்த நேரம் பார்த்து அலமாரி முன்னால் போய் நின்றார். அது திறந்தால், மருந்தில் கண் தெளிந்ததும் கதவையும் அவரே திறந்துவிடலாம். நாங்கள் இந்தப் பக்கம் ஜெபமாலை சொன்னோம். கண்நோய்க்குக் காவலான புனித லூசியம்மாளுக்கும் நேர்ந்துகொண்டேன். மாலையின் ஐந்து காரணிக்கங்களில் மூன்றாவது முடியவில்லை, ஒலிபெருக்கியில் அலமாரியின் மறுப்பு மணி கேட்டது.

"மன்னிச்சிருங்கம்மா" என்றார் டாக்டர்.

"தெறந்துட்டாம்மா?" என்று ஜெனோவா கேட்டாள். மாலையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். அவள் திரும்பவும் கேட்டாள்.

ஜூலை 9, காலை

விளக்கு எரிகிறதா இல்லையா என்பது மட்டும்தான் இடது கண்ணில் அவளுக்குத் தெரிகிறது. வலதும் சிவந்துவிட்டது. அந்தப் பக்கம் அவர் கதவைத் தட்டுகிறார். இந்தப் பக்கம் நாய் பிறாண்டுகிறது.

ஐயா, அம்மா, பூமியில் இதை வாசிப்பது யாராக இருந்தாலும் சரி. தலைவரால் உறுதிசெய்ய முடியாது. அதற்கான காரணத்தைத்தான் முன்பே எழுதியிருக்கிறேன். என் கண்ணைப் படம் எடுத்து இந்தக் குறிப்புகளோடு அனுப்புகிறேன். இதைப் பதிவில் சேர்த்தால் போதும். கதவையும் அலமாரியையும் நானே திறந்துகொள்வேன். மருந்துப் பெயரை டாக்டர் சொல்லியிருக்கிறார்.

படத்தில் கண் தெளிவாக இருக்கிறது. படம் எடுத்த பிறகு முகம் துடைத்தேன். இமைமயிர் இரண்டு துணியோடு வந்தது. அடியில் பொருக்கு இருந்தது.

இந்தப் படத்துக்கும் என் கண்ணுக்கும் எத்தனை நாள் ஒத்துப்போகும் என்று தெரியாது. தயவுசெய்து சீக்கிரம் பதில் தாருங்கள்.