தலைகீழாக ஒரு மேடு

மார்ச் 3, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்! எழுத்து கோணல்மாணலாக வருகிறது, வரட்டும். நிலவின் மறுபக்கத்தில், பூமிக்கு என்றும் முகம் காட்டாத அந்தப் பக்கத்தில், விண்கலம் அனுப்பிய படத்தில், நாங்கள் ஆராயும் பெரிய விண்கல் பள்ளத்தின் தரையில் ஒரு குட்டி மேடு. எரிமலைக் குழம்பு புடைத்த மேடாக இருந்தால்? ஐயோ! இத்தனை வருடம் மற்றவர்கள் கண்டுபிடித்ததற்கெல்லாம் படம் ஒட்டிக் கொடுத்தவள் நான். அடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நானே எழுந்து பேசப்போகிறேன்.

மார்ச் 4

எங்கள் குழுத் தலைவர் தன் திரையில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நீ தலைகீழா நின்னாலும் அது மேடு ஆகாதும்மா. சின்னக் குழி." வயிற்றெரிச்சல், வேறென்ன?

மார்ச் 5

மானம் போயிற்று.

சாப்பாட்டு மேசையில் படத்தை விரித்து வைத்திருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், பல் டாக்டர், எட்டிப் பார்த்தார். "என்ன, நிலாவுக்கும் சொத்தைப் பல்லா?"

"மேடுங்க அது."

"இங்கேர்ந்து பாத்தா குழியாத்தானே இருக்கு?"

எழுந்து அவர் பக்கம் போனேன். குழி. என் பக்கம் வந்தேன். மேடு! படத்தைத் தெற்கு மேலே இருக்கும்படி அச்சடித்துத் தொலைத்திருக்கிறேன். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம்பும் கண், இங்கே அது கீழிருந்து வருவது தெரியாமல் ஏமாந்துவிட்டது. தலைகீழாக நின்றதால்தான் அது மேடே ஆகியிருக்கிறது. நாளைக்கு அந்தத் தலைவர் முகத்துல எப்படிடி முழிப்பே?

மார்ச் 6

தோல்வியை ஒப்புக்கொள்ளப் போகும் முன் ஒரு சபலம். பழைய படமும் இப்படித்தான் ஏமாற்றுமா? ஏழு வருடத்துக்கு முன் எடுத்ததைத் தேடிப் பிடித்து, இம்முறை நேராக வைத்தேன். அதே பாறை, அதே விரிசல். மேடும் இல்லை, குழியும் இல்லை. வெறும் தரை!

அப்படியென்றால் — நடுவில் ஏதோ வந்து விழுந்திருக்கிறது. புத்தம் புதுக் குழி! நாற்காலியிலிருந்து கத்திக்கொண்டே எழுந்தேனாம். பக்கத்து அறைக்காரர் பாம்பு என்று நினைத்து ஓடி வந்தார்.

மார்ச் 9

அண்மையில் எடுத்த இன்னும் இரண்டு படங்களிலும் அந்தக் குழி இருக்கிறது. சுற்றிலும் புழுதி சிதறிய வெள்ளைக் கீற்றுகள்கூடத் தெரிகின்றன. தலைவர் பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நான் குழின்னு சரியாச் சொல்லிட்டு, அப்படியே விட்டுட்டேனேம்மா. நீ தப்பாப் பாத்துட்டு அடம்பிடிச்சே..." எனக்கு அதுவே போதும்.

மார்ச் 13, வெள்ளி

பேசினேன். முதல் படத்தை வேண்டுமென்றே தலைகீழாகப் போட்டேன். "மேடு" என்றது அரங்கமே. தலைவரும் சேர்ந்து சொன்னார், பாவி!

மார்ச் 20

அறிக்கையில் அதற்கு வெறும் எண்தான். அலுவலகத்தில் எல்லோருக்கும் அது "சொத்தை". என் வீட்டுக்காரர் வருகிற நோயாளிகளிடமெல்லாம் என் கதையைச் சொல்கிறாராம். வாயைப் பிளந்து கிடப்பவர்கள், பாவம், கேட்டுத்தானே ஆக வேண்டும்?