சி டிரைவில் இடமில்லை

செவ்வாய், 17

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலேஜ் ஆபீஸ் சர்வரில் சி டிரைவ் மறுபடியும் சிவப்பு. இடம் நிரம்பி வழிகிறது. ஃபீஸ் ரசீது அச்சாகவில்லை, மாணவர் வரிசை வாசல் வரை. வழக்கம்போல நான் உட்கார்ந்து வேண்டாத ஃபைல்களை அழித்தேன். பத்து நிமிடம். சரியானது.

எனக்கு உதவிக்கு வந்த மேரி, சேர்ந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, பிரின்சிபால் முன்னாலேயே கேட்டாள்: "அண்ணே, வாராவாரம் அழிச்சுக்கிட்டு இருக்கதுக்கு சி-யவே பெருசாக்கிரலாம்ல? பக்கத்துல டி டிரைவ் அம்புட்டுப் பெருசாக் கெடக்கே."

பிரின்சிபால் என்னைப் பார்த்தார். "ஏன் முத்து, எட்டு வருசமா உனக்கு இது தோணலையா?"

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. புளியோதரை அப்படியே வீட்டுக்கு.

புதன், 18

தோன்றாமல் என்ன! சர்வர் வந்த அன்று சி-க்குக் கொஞ்சமாக இடம் ஒதுக்கியதே நான்தான். தப்பு என்று அடுத்த வருடமே தெரியும். திருத்தவில்லை. நிரம்பினால்தானே "முத்தண்ணே எங்க?" என்று ஆபீஸே தேடும். அது எனக்குப் பிடித்திருந்தது. இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

இன்று மூன்று பேர் வந்து "மேரி மேடம் இருக்காங்களா?" நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். வயிறு எரிகிறது.

வாங்க வேண்டியது: கீபோர்டு 2, துணி சோப்பு, பி.பி. மாத்திரை.

வியாழன், 19

சனிக்கிழமை வேலை என்று முடிவு. சி-யை நீட்ட வேண்டுமானால் ஒட்டியிருக்கும் டி-யை அழித்து அந்த இடத்தைச் சேர்க்க வேண்டும். மேரி கேட்டாள்: "டி-ல முக்கியமானது எதுவும் இருக்கா அண்ணே?"

"எல்லாம் பழைய குப்பைம்மா. அழிச்சிரு."

பொய். பழைய மாணவர்களின் மாற்றுச் சான்றிதழ், அதாவது டிசி, ஸ்கேன் மொத்தமும் அங்கேதான். வேறு நகல் கிடையாது. அழித்துவிட்டு மாட்டிக்கொள்ளட்டும் என்றுதான் சொன்னேன்.

வெள்ளி, 20

மேகமூட்டம். மழை இல்லை. உசிலம்பட்டியிலிருந்து ஓர் அம்மா. மகனுக்கு வெளிநாட்டில் வேலை, டிசி தொலைந்துவிட்டதாம். "சாப்பிடாமக்கூட வாரேன் சார், இல்லைன்னு சொல்லிராதீக." டி-யில் தேடி நகல் எடுத்துக் கொடுத்தேன். கும்பிட்டார். கூசியது.

மேரி எதிர் சீட்டில்தான் இருந்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். நாளை போனதும் முதல் வேலை அதுதான்.

சனி, 21

ஆரப்பாளையத்தில் பஸ் தாமதம். நாகமலை புதுக்கோட்டையில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனால், எல்லாம் முடிந்திருந்தது. திரையில் சி மட்டும். டி இல்லை.

"ஏண்ணே இம்புட்டு வேர்க்குது? பழைய டிசி எல்லாம் டி-லதான கெடந்துச்சு. ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல எடுத்துட்டுத்தான் அழிச்சேன். நீங்க மறந்திருப்பீங்க," என்றாள் மேரி. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நேற்று நான் டி-யில் தேடி எடுத்ததைப் பார்த்தவள்; மறக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

பிரின்சிபால் உள்ளே வந்தார். "டிசி எல்லாம் பத்திரமா இருக்கா?"

"இருக்கு சார். முத்தண்ணே சொல்லித்தான் மொதல்லயே காப்பி எடுத்தேன்."

அவர் என் தோளைத் தட்டினார். "அப்படியா முத்து?"

கெட்டிக்காரி என்பதையே பொறுக்க முடியாமல் இருந்தேன். நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாள்.

"ஆமா சார்" என்றேன்.