குட்டைக் கிளைகள்

இன்று காலை ஆய்வகத்தில் கரைப்பானின் இனிப்பு கலந்த நெடி மூக்கில் ஏறியதும் உன் முகம் வந்தது. துக்கம் வரவில்லை. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உன் மேலிருந்த கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நம் அப்பாக்கள் இருவருக்கும் ஒரே சுரங்கம், ஒரே ஷிப்ட். நாமும் ஒரே கல்லூரியில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். பேட்டரிக்குள் திரவத்துக்குப் பதிலாகப் பாலிமர் படலம் வைக்கும் வேலை. பாலிமர் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கடுக்காகப் படிந்து இறுகிவிட்டால் லித்தியம் அயனி சுலபமாக நகராது. அவை தளர்ந்து அசைந்தால்தான் அதற்கு வழி கிடைக்கும். சங்கிலியில் பக்கக் கிளைகள் வைத்தால் அப்படி இறுகாது என்று டவுன்ஷிப் பஸ்ஸில் உன்னிடம்தான் முதலில் சொன்னேன்.

"சூப்பர்டி. யார்கிட்டயும் சொல்லாத" என்றாய்.

அடுத்த வாரமே நம் பேராசிரியரிடம் அதை உன் யோசனையாகச் சொன்னாய். நான் எழுந்து, "சார், இது நான் சொன்னது" என்றேன். நீ சிரித்தாய். "பஸ்ல சும்மா பேசிக்கினு வந்தோம் சார், அவ்ளோதான்." திட்டம் உனக்குப் போனது. என்னை வேறு தலைப்புக்கு மாற்றினார்கள்.

ஆனால் நீ எடுத்துக்கொண்டது பாதிதான்; கிளைகள் குட்டையாக இருக்க வேண்டும் என்பதை நான் சொல்லியிருக்கவில்லை. நீளம் கூடக்கூட நல்லது என்று கிளைகளை நீட்டிக்கொண்டே போனாய். நீண்ட கிளைகள் தங்களுக்குள்ளேயே அடுக்காகப் படிந்து இறுகிக்கொண்டன. படலம் பால்போல் வெளுத்தது, அயனிகள் முடங்கின. ஒரு மாலை எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றாய்.

"என்னா தப்புன்னே புரியல. கிளை எவ்ளோ நீளம் இருக்கணும்?"

"உன் யோசனைதானே? உனக்குத் தெரியாதா?"

"பழசையெல்லாம் விடுடி."

கதவைச் சாத்தினேன். அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பிறகு வேறு ஊர் ஆய்வகத்தில் சேர்ந்து, குட்டைக் கிளைகளோடு என் படலத்தைச் செய்தேன். கண்ணாடிபோல் தெளிவாக வந்தது. சூடாக்காமலே அயனிகள் நகர்ந்தன. கட்டுரை வெளியானதும் முதலில் உனக்குத்தான் அனுப்பினேன். நீ படித்துவிட்டதாகக் காட்டியது, பதில் போடவில்லை. பிறகு மாரடைப்பில் போய்விட்டாய். "யோசனை உன்னுதுதான்" என்று உன் வாயால் கேட்க இனி வழியில்லை.

உன் நினைவுக் கூட்டத்தில், "அவர் ஆராய்ச்சியப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றாள் உன் மனைவி. மைக்கைப் பிடித்து, பஸ்ஸில் நான் சொன்னதையும் நீ செய்ததையும் சொன்னேன்.

வெளியே உன் அம்மா என் கையைப் பிடித்தார். "இன்னிக்குத்தானாம்மா சொல்லணும்?"

"அவன் இருக்கச்சயே சொன்னேன் ஆன்ட்டி. யாரும் கேக்கல."

அவர் கை நழுவியது இன்னும் என் விரல்களில் இருக்கிறது. ஆனாலும் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் திரும்பப் பெறவில்லை.