வாய்ப்புச் செலவு

திருவையாறு அருகே,
14.6.2021

அன்புள்ள சான்ட்ராவுக்கு,

விண்ணரசி எழுதுவது. போனில் உன் குரல் கேட்டதும் எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது, அதனால்தான் கடிதம். அம்மாவுக்குக் கொரோனா காய்ச்சல் விட்டும் மூச்சிரைப்பு விடவில்லை. சமையல் நான்தான்.

பஸ் ஓடாததால் கோடை நெல்லைத் தார் ரோட்டிலேயே காயப் போட்டிருக்கிறோம். ஆடு வாய் வைக்காமல் காவலுக்கு உட்கார்ந்து, நீ கொடுத்த, உன் அண்ணன் ஆன்டோவின் பதினோராம் வகுப்புப் பொருளியல் புத்தகத்தைப் படிக்கிறேன். நிலத்துக்கு வாரம் என்கிற வாடகை, உழைப்புக்குக் கூலி, முதலுக்கு வட்டி என்று போட்டிருக்கிறது. குத்தகை நிலத்தில் பாடுபடும் அப்பாவுக்கு என்ன என்று தேடினேன். அம்மா அடுப்படியில் செய்வது எதிலும் சேரவில்லை. இப்போது நான் செய்வதும்.

ஒன்றை எடுத்துக்கொண்டால் கைவிட்டுப் போகிற மற்றொன்றுக்கு வாய்ப்புச் செலவு என்று பேராம். வீட்டில் ஒரே போன். ஆன்லைன் வகுப்புக்குத் தம்பி எல்வின் எடுத்துக்கொண்டான். நான் பத்தாவதோடு நின்றேன். பேர் தெரிந்ததும் ஆறுதலாக இருந்தது. அடுப்படிக்குப் போனதும் கோபம் வந்தது.

உன்,
விண்ணு

தஞ்சாவூர்,
23.8.2021

அடி ஊமைக்கோட்டானே,

உன் கடிதத்தை எங்கள் பள்ளி ஈஸ்வரி மிஸ்ஸிடம் வாசித்துக் காட்டிவிட்டேன், திட்டாதே. "இந்தப் பொண்ணு ஏன்டி வீட்ல இருக்கு?" என்றார்கள். பிளஸ் ஒன் வணிகவியல் பிரிவில் ஓர் இடம் வைத்திருப்பார்களாம், பள்ளி திறக்கும் ஒன்றாம் தேதி மட்டும்தான். அப்புறம் வேறு பிள்ளைக்கு. அப்பாவோடு வா. வாசலிலேயே நிற்பேன்.

சான்ட்ரா

திருவையாறு அருகே,
3.9.2021

அன்புள்ள சான்ட்ரா,

நான் வந்தேன்.

அப்பா சம்மதித்தார். "எல்வின் கஞ்சி வைக்கக் கத்துக்கட்டும், நீ போம்மா" என்றார். கிளம்பும்போது அறுவடை மிஷின் வந்துவிட்டது. விட்டால் மழைக்கு முன் எங்கள் முறை திரும்ப வராது. "நீ முன்னால போ, மத்தியானத்துக்குள்ள வந்துடுறேன்" என்று அனுப்பினார்.

நீ வாசலில்தான் நின்றாய். மாஸ்க் போட்டிருந்தும் உன்னைத் தெரிந்தது. வருகிறவர்களின் கண்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாய். என்னையும் பார்த்தாய். பிறகு எனக்குப் பின்னால் வந்தவளைப் பார்த்தாய்.

நான் மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கியிருந்தால் போதும். வாட்ச்மேன், "யாரும்மா, என்ன வேணும்?" என்றார். "ஒண்ணுமில்லண்ணே" என்று வாயில் வந்துவிட்டது. நீ உள்ளே போகும்வரை எதிர்க்கடை ஓரமாக நின்றேன்.

அப்பா சொன்னபடி வந்தார். காலில் சேறுகூடக் கழுவவில்லை. இடம் முடிந்துவிட்டது என்று சொன்னேன். "நான் லேட் பண்ணிட்டேனாம்மா?" என்று பஸ்ஸில் கேட்டார். நேற்றும் கேட்டார்.

அவரை எங்காவது பார்த்தால் நீயும் இடம் முடிந்துவிட்டது என்றே சொல். நான் வாசலோடு நின்றுவிட்டதைச் சொல்லாதே.

விண்ணரசி